நீருக்கு வழிவிடும் கொட்டில்

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த சண்டிலிப்பாய், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் அந்தாதி பாடிய கல்வளைப் பிள்ளையாரின் ஊர் என்பதை இலக்கியம் பயின்றோர் அறிவர். ஆயின் அவ்வூரில் ஒரு கொட்டிலைத் தம் கையாலேயே எழுப்பிக் குடிபுக விரும்புபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அதன் மண்ணுக்கு அடியில் கிடக்கும் சுண்ணக்கல்லைப் பற்றியும், அந்தக் கல்லின் வெடிப்புக்களூடே ஓடித்திரியும் நீரைப் பற்றியுமே ஆகும். ஐம்பது இலட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட மயோசீன் யுகத்தில் கடலின் அடியில் படிந்து இறுகிய அந்தக் கல்லே குடாநாட்டைத் தாங்கி நிற்கிறது. அதன் மேல் மண் பல இடங்களில் சில அடி ஆழமே உண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. இவ்வூர் அடங்கிய வலிகாமத்தின் ஊடே வளைந்து சென்று அராலியருகே கடலேரியிற் சேரும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஆறென்று சொல்லத்தக்கது.

ஆண்டொன்றுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றராகிய மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிடுகிறது. பின்னர் வெயிலும், வைகாசி தொடங்கிச் சோளகக் காற்றும், நிலத்தையும் சுவரையும் கூரையையும் ஈவிரக்கமின்றி உலர்த்துகின்றன. கூரையின் சரிவு, சுவரின் பூச்சு, குந்தின் உயரம், கிணற்றின் கட்டு ஆகிய ஒவ்வொன்றும், ஆராய்ந்து பார்க்குமிடத்து, நீர் எந்த வழியால் வருகிறது, எந்த வழியால் போக வேண்டும் என்ற ஒரே வினாவுக்குத் தரப்பட்ட விடையாகவே இருக்கக் காண்கிறோம். நீரை முற்றாகத் தடுத்து நிறுத்த முயன்ற வீடு இவ்வூரில் விரைவில் பழுதடைகிறது. அதற்கு வழிவிட்ட வீடே நிலைக்கிறது. இதைப் பௌதிக, இரசாயன நியாயங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயம் எங்கள் மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவில், போரின் காரணமாக, கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் அப்பால் வன்னிக்கும் வலிகாமத்து மக்கள் ஏறத்தாழ அனைவரும் பெயர்ந்து சென்றனர். மறு ஆண்டின் நடுப்பகுதியை அண்டி அவருட் பலர் திரும்பி வந்தபோது, கூரை போன வீடுகளையும், சுவரைப் பிளந்து வேரோட்டிய மரங்களையும், தூர்ந்த கிணறுகளையும் கண்டு, பழைய வளவின் ஒரு மூலையில் கொட்டில் போட்டே வாழ்க்கையை மறுபடி தொடங்கினர். போர் முடிந்த பின்னர், 2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலும் கிழக்கிலும் விரிவாகத் தொடங்கப்பெற்ற இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வீதம் வழங்கி, வீட்டுக்குரியவர்களே கட்டுமானத்தை முன்னின்று நடத்தும் முறையைக் கைக்கொண்டது. ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுத்த வீட்டைக் காட்டிலும், உரியவர் தாமே நின்று கட்டிய வீட்டில் எது எங்கே ஏன் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பழுது வரும்போது எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த அறிவே பெரிய முதல்.

கொட்டில் வேலையில் கூரைதான் சுவருக்கு முந்தியது. கப்புக்களை நாட்டி, அவற்றின்மீது வளைகளை ஏற்றி, கூரையை வேய்ந்து முடித்த பிறகே சுவரெழுப்புவது எங்கள் பெரியோரின் வழக்கம். அதில் ஒரு நுட்பமுண்டு. கூரையின் பாரத்தைக் கப்புக்களே தாங்குவதால் மண்சுவர் தன்னைத் தான் தாங்கினாற் போதும். நிழலில் எழுகின்ற சுவர் மெல்ல உலர்வதால் வெடிப்பும் குறைகிறது. கூரைக்கு வேண்டிய மரம் பனை. மற்றை மரங்களைப்போல் நடுவில் வைரமும் புறத்தில் மென்மையும் உடையதன்று பனை. புல்லினத்தைப் போல ஒருவித்திலைத் தாவரமாகையால், நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் நார்க்கற்றைகள் அடிமரத்தின் புறவோரத்திலே நெருங்கிச் செறிந்து, உள்ளே செல்லச் செல்ல ஐதாகி, நடுவில் சோறாகவே நின்றுவிடுகின்றன. ஆதலின் முதிர்ந்த மரத்தை நெடுகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி நீக்கி, கறுத்த புறவைரத்தையே வளையாகவும் சிலாகையாகவும் கொள்கிறார்கள். சோற்றுப்பகுதியைச் சிறிதளவேனும் விட்டுவைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் கறையானுக்கு வாசல் திறந்துவிடும்.

சிலாகையைத் தட்டையாகக் கிடத்தலாகாது, குத்தாகவே நிறுத்த வேண்டும். வளைவுக்கு எதிராக ஒரு சட்டம் காட்டும் வலிமை அதன் அகலத்தைப் பொறுத்து நேர்விகிதமாகவும், உயரத்தைப் பொறுத்து அதன் வர்க்கமாகவும் ஏறுகிறது. விறைப்போ உயரத்தின் கனமாக ஏறுகிறது. இரண்டங்குலம் நாலங்குலமான ஒரு சிலாகையைக் குத்தாக வைத்தால், தட்டையாக வைத்ததிலும் இருமடங்கு பாரம் தாங்கும். அதே பாரத்துக்கு நாலில் ஒரு பங்கே தொய்யும். மரம் ஒன்றே, செலவும் ஒன்றே. வைக்கும் விதத்தில்தான் இத்தனை பேதம். பனைவைரத்தில் ஆணியை நேரே அறைந்தால் நார் வழியே பிளந்துவிடுமாதலால், துளையிட்டுப் பின் அறைவதோ, தும்புக்கயிற்றால் வரிந்து கட்டுவதோ நன்று. கட்டப்பட்ட கூரை பெருங்காற்றில் சிறிது அசைந்து கொடுக்கும். அறையப்பட்டது அசையாது நின்று ஒரே வீச்சில் பிடுங்கப்படும்.

இனி வேய்தல். பச்சையோலையை வெட்டி, மிதித்துத் தட்டையாக்கி, ஒன்றன்மேலொன்றாய் அடுக்கிப் பாரமேற்றி உலரவிட்டு எடுத்த பனையோலையானாலும், நெடுகக் கிழித்து நீரில் ஊறவிட்டுப் பின்னிய தென்னங்கிடுகானாலும், ஓலை நீர்புகாப் பொருளன்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மழைத்துளி ஓலையிற் பட்டதும் அதன் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, சரிவு வழியே கீழோலைக்கும், அதிலிருந்து அதற்குக் கீழோலைக்கும் வழிந்தோடுகிறது. அதே வேளை இடுக்குகளால் உள்ளேயும் கசியப் பார்க்கிறது. சரிவு 45 பாகையளவு இருக்குமானால், வெளியே ஓடும் வேகம் உள்ளே கசியும் வேகத்தை வென்றுவிடுகிறது. மேலிரண்டு மூன்று அடுக்கு மட்டும் நனைய, அடியோலை உலர்ந்தே கிடக்கிறது. ஓலை மிச்சப்படுமென்று சரிவைக் குறைத்தவர், எத்தனை அடுக்குப் போட்டாலும் கார்த்திகையில் பானை பாத்திரங்களை ஒழுக்குக்கு ஏந்தி வைக்க நேரிடும். கிடுகை ஊறவிடுவதன் காரணமும் நீரைச் சார்ந்ததே: ஓலையிலுள்ள இனிப்பு நீரிற் கரைந்து அகன்றுவிடுவதால், பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் அங்கே உண்ண ஒன்றுமில்லாமற் போகிறது. இவ்வாறு வேய்ந்த கூரை இரண்டு மூன்று ஆண்டுகள் நிற்கும். பின்னர் கழற்றிய பழைய ஓலை தோட்டத்து மண்ணில் புதைக்கப்பட்டு உரமாகும்.

தகரத்தை விரும்புவோர் இப்போது மிகுதி. அதை நான் குறை கூறமாட்டேன். சில ஆண்டுக்கொருமுறை ஓலை தேடவும் ஆள் தேடவும் இயலாத காலம் இது. ஆனால் நண்பகல் வெயிலில் மெல்லிய தகரம் 60 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறி, கீழே இருப்பவரின் தலைமேல் அவ்வெப்பத்தைக் கதிர்களாகச் சொரிகிறது; தை மாதத்து இரவிலோ, தெளிந்த வானத்துக்குத் தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துபோவதால், அறைக்குள்ளிருக்கும் நீராவி அதன் அடிப்புறத்தில் ஒடுங்கித் துளிதுளியாய் விழுகிறது. மழையே இல்லாத விடியலில் பாய் நனைந்திருப்பதன் இரகசியம் அதுவே. தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்துவிடும் வழக்கம் எங்கள் ஊர்களில் பரவியிருக்கிறது. விஞ்ஞானம் அறிந்தவர் யோசித்துச் செய்தாலும் இதனினும் சிறந்த உபாயத்தைக் கண்டிருக்கமாட்டார். தகரம் நீரைத் தடுக்கிறது, கிடுகினுள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. இரண்டிற்கும் நடுவே மெல்லிய சட்டங்களை ஓட்டி இடைவெளி விட்டால், ஈரவோலை தகரத்தைத் தொட்டுத் துருவேற்றுவதும் நிற்கும். பழைய வீட்டில் அஸ்பெஸ்தோஸ் சீற் கிடந்தால் மட்டும் அதை அறுக்கவோ உடைக்கவோ துணியாதீர்கள். அதன் நுண்ணிய நார் சுவாசத்தோடு நெஞ்சுக்குள் சென்று, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்குவது. நனைத்து, முழுதாகக் கழற்றி, அப்புறப்படுத்த வேண்டும்.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கைவேலையில் இறங்குவோர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். மண்சுவருக்கு வேண்டியது களியும் மணலும் தக்க அளவிற் கலந்த மண். களியின் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். அவற்றிடையே நீர்ப்படலம் நிற்கும்போது ஒன்றின்மேலொன்று வழுக்கி எந்த உருவையும் ஏற்கின்றன, நீர் வெளியேறியதும் நெருங்கி இறுகிக்கொள்கின்றன. அந்த நெருக்கமே உறுதிக்கும் காரணம், வெடிப்புக்கும் காரணம். மணல் சுருங்குவதில்லை; ஆகவே அது எலும்பாக நின்று சுருக்கத்தைக் குறைக்க, நறுக்கிய வைக்கோல் இழுவிசையைத் தாங்கி வெடிப்பைப் பரவவிடாது தடுக்கிறது. வளவு மண்ணில் எது எவ்வளவு உண்டென்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை: கண்ணாடிப் போத்தலொன்றில் மூன்றிலொரு பங்கு மண்ணும் மிகுதிக்கு நீரும் விட்டு, நன்கு குலுக்கி, அசையாமல் வைத்துவிட்டால், மணல் ஓரிரு நிமிடத்தில் அடியிற் படியும், வண்டல் சில மணித்தியாலத்தில் அதன்மேற் படியும், களியோ ஒரு நாளோ அதற்கு மேலோ சென்றபின் மேலே மெல்லிய படையாக நிற்கும். களிப்படை மொத்தத்தில் காற்பங்கை அண்டியிருந்தால் மண் சுவருக்கு ஏற்றது. குறைந்தால் புற்றுமண் சேர்க்கலாம், கூடினால் மணல் சேர்க்கலாம்.

மண்சுவருக்கு மழையிலும் பெரிய பகை, அடியிலிருந்து ஏறும் ஈரம். நீரில் நிறுத்திய நுண்குழாயில் நீர் தானே மேலேறுகிறது. குழாய் எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூரின் என்னும் ஆங்கிலேய அறிஞர் விளக்கினார். ஆரை ஒரு மில்லிமீற்றரான துளையில் ஒன்றரைச் சதமமீற்றரே ஏறும் நீர், அதன் நூறிலொரு பங்கான துளையில் ஒன்றரை மீற்றர் வரை ஏறவல்லது. களிமண்ணின் துளைகளோ அவ்வளவு நுண்ணியவை. இனி, வளவிற் பொறுக்கிய சுண்ணக்கற்களை அடுக்கி இடுப்பளவுக்குக் கீழாக அத்திவாரம் எழுப்பி, அதன்மேல் மண்சுவரைத் தொடங்கிய முன்னோரின் செயலை நோக்குக. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள பெரிய சந்துகளில் நீரால் ஓரங்குலமும் ஏற முடியாது. நுண்குழாயின் தொடர்ச்சி அங்கே அறுந்துபோகிறது. வீட்டைச் சுற்றிய குந்தும் அத்தகையதே: இறப்பிலிருந்து விழும் தாரை நிலத்தில் மோதித் தெறிக்கும் சேற்றைச் சுவரின் பாதத்துக்கு எட்டவிடாமல் தள்ளி நிறுத்துவது அது. ஊர்க்கதை பேச வசதியாக அமைந்தது பின்னர் கிடைத்த பயன் என்றே கொள்கிறேன்.

இவ்வளவு காத்தும் கொஞ்சம் ஈரம் சுவருக்குள் செல்லவே செய்யும். அது வெளியே வர வழி வேண்டும். ‘நீடித்து நிற்கட்டும்’ என்னும் நல்லெண்ணத்தோடு மண்சுவரின் மீதும், பழைய சுண்ணாம்புக் கட்டின் மீதும் சீமெந்து பூசுவோர் அந்த வழியைத்தான் அடைத்துவிடுகிறார்கள். சீமெந்துப் பூச்சு விறைத்தது, நீராவியை எளிதில் ஊடுருவ விடாதது. உள்ளே இருக்கும் மண்சுவரோ ஈரத்திலும் உலர்விலும் சிறிது விரிந்து சுருங்குவது. இரண்டும் ஒத்துப்போகாமல் பூச்சில் மயிரிழை வெடிப்புத் தோன்ற, மழைநீர் அவ்வெடிப்பால் உட்புகுகிறது. புகுந்த நீர் பூச்சினால் மறிக்கப்பட்டு வெளியேற மாட்டாமல், நிலத்திலிருந்து கரைத்துக் கொணர்ந்த உப்பைப் பூச்சின் பின்புறத்திலே பளிங்காகப் படியவிடுகிறது. வளரும் உப்புப் பளிங்கு கற்களையே பிளக்க வல்லது. பூச்சு பாளம் பாளமாய்ப் பெயர்ந்து விழும்போது, அதன் பின்னே சுவர் தூளாய் உதிர்ந்திருக்கக் காண்கிறோம். காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இதே குடாநாட்டுச் சுண்ணக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டிருந்தது; அப்பொருளின் மேன்மையை நான் மறுக்கவில்லை. கிணற்றுக் கட்டுக்கும் நீர்த்தொட்டிக்கும் அது இன்றியமையாதது. மண்சுவருக்கு அது உறவாகாது.

உறவாவது சுண்ணாம்பு. கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால், நூறு கிலோ தூய சுண்ணக்கல்லிலிருந்து 44 கிலோ கரியமிலவாயு பிரிந்து ஆகாயத்தில் கலக்க, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதை நீரில் இட்டதும் கொதித்துப் பொங்கி நீறுகிறது. ஒரு கிலோ சுண்ணாம்பு நீறும்போது எழும் வெப்பம் மூன்று லீற்றர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்தப் போதுமானது. ஆகையால் அகன்ற பாத்திரத்தில் நிறைய நீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி, குவித்த சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றவே கூடாது. தெறித்தால் கண்ணைக் கெடுத்துவிடும், குழந்தைகளை அருகே விடலாகாது. நீறிய சுண்ணாம்பை நீர் மேலே நிற்கும்படி சில வாரம் வைத்திருந்து, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு, மாதக்கணக்கில், மேற்புறத்திலிருந்து உள்நோக்கி, மறுபடியும் சுண்ணக்கல்லாகவே மாறுகிறது. சூளையில் இழந்த வாயுவைச் சுவரில் மீட்டுக்கொள்ளும் இந்த மீளுருவாக்கம் எத்துணை அழகிய இரசாயனம்! இம்மாற்றம் ஈரமின்றி நிகழாது. வாயு முதலில் நீரிற் கரைந்தே சுண்ணாம்பை அடைய வேண்டும். ஆகவே சோளகம் அடிக்கும் மாதத்தில் பூசிய பூச்சு, கல்லாகுமுன் உலர்ந்து, விரலிலே மாவாய் ஒட்டும். மாசி, பங்குனியில் பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுப் பல நாள் ஈரம் காப்பதே முறை. சாந்தில் சிறிது பனங்கட்டி நீரைச் சேர்ப்பதற்கும் ஆதாரமுண்டு: சர்க்கரை கலந்த நீரில், வெறும் நீரிலும் பன்மடங்கு சுண்ணாம்பு கரையும்; கரைந்தது சந்துகளுட் சென்று படிந்து பற்றிக்கொள்ளும்.

மேலே வெள்ளையடித்தல் வெறும் அலங்காரமாகாது. தன்மேல் விழும் சூரிய ஒளியின் பெரும்பகுதியை வெண்சுவர் திருப்பியனுப்பிவிடுகிறது. உட்செல்லும் சிறுபகுதியும் ஓரடி கனமான மண்சுவரைக் கடந்து மறுபக்கம் சேர எட்டு மணித்தியாலத்துக்கு மேலாகுமாதலால், நண்பகலில் அறை குளிர்ந்தும் முன்னிரவில் சற்றுப் புழுங்கியும் இருக்கும். எங்கள் பாட்டன்மார் முன்னிரவைத் திண்ணையிலும் முற்றத்துப் பாயிலும் கழித்ததில் இக்கணக்கும் அடங்கியிருக்கிறது.

நிலத்தைச் சாணமிட்டு மெழுகுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிலுள்ள அரைபட்ட புல்நாரும் பசையும் மண்தூளைப் பிணைத்து, வெடிப்பை அடைத்து, மெல்லிய மீளும் தோலொன்றைத் தருகின்றன. மாலையில் நீர் தெளித்தால், ஆவியாகும் ஒவ்வொரு லீற்றரும் 2,400 கிலோயூலுக்கு மேற்பட்ட வெப்பத்தை நிலத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வாங்கிச் செல்கிறது. ஆனால் சாணம் கிருமிகளைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் காலிற் புண்ணோடு மெழுகுதல் ஆபத்து; ஏற்புவலியை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் சாணத்தில் இருக்கக்கூடும். குசினியைத் தனிக் கொட்டிலாகப் போடுவது தீக்கு அஞ்சி. புகையிலுள்ள தார்ப்பொருள்கள் ஓலையைப் பூச்சியினின்று காக்கின்றன என்பது மெய்யே எனினும், அதே புகை அடுப்படியிற் குனிந்திருக்கும் தாய்மாரின் நெஞ்சை அரிக்கிறது. முகட்டருகே ஒரு புகைவாய் விட்டு, நிலமட்டத்தில் காற்றுக்கு ஒரு வழி வைத்தால், சூடான காற்று இலேசாகித் தானே மேலெழுந்து புகையை இழுத்துச் செல்லும். ஓலை நீடிப்பதிலும் உயிர் நீடிப்பது முக்கியம்.

கூரையும் சுவரும் நிலமும் முடிந்தபின் கிணற்றுக்கு வருவோம். மழைநீர் மண்ணிலும் காற்றிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணக்கல்லினூடே இறங்குகையில் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்குகிறது. எங்கள் தண்ணீரின் வன்மைக்கும், கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படியும் காறைக்கும் அதுவே காரணம். கொதிக்கும்போது வாயு வெளியேற, கரைந்த கல் மறுபடி கல்லாகிவிடுகிறது. சுவரில் பூசியதும், கேத்தலில் படிந்ததும், கிணற்றின் ஓரத்தில் தெரிவதும் ஒரே பதார்த்தந்தான்.

அக்கல்லின் துளைகளில் நிற்கும் நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல், கடலில் மிதக்கும் பனிக்கட்டி மலையைப் போலவே மிதக்கிறது. வெளியே தெரிவது சிறிது, அமிழ்ந்திருப்பது பெரிது. நன்னீரின் அடர்த்தி 1 என்றால் கடல்நீரினது 1.025. இவ்வேறுபாட்டிலிருந்து, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்ற கணக்கு பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து தேசத்துப் பாடன் கைபனும், 1901இல் ஜேர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே இதைக் கண்டு கூறினர். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் புத்தூர் நிலாவரைக் கிணறு இதற்குப் பிரத்தியட்சச் சான்று. கணக்கை மறுபுறமாகவும் படிக்க வேண்டும்: நீர்மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலிருந்து உவர் 40 அடி மேலெழும்பத் தலைப்படுகிறது. துலாவால் இறைத்த காலத்தில், பட்டை ஏறி இறங்கும் அவகாசத்தில் பக்கத்து வெடிப்புக்களிலிருந்து நீர் ஊறி வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். இயந்திரப் பம்பியோ சில நிமிடத்தில் கிணற்றுநீரைத் தாழ்த்தி, உவர்நீரைக் கூம்பாக மேலிழுத்துவிடுகிறது. ஆகவே புதிதாய்க் குடியேறுபவர், கிணறு உவர்க்கிறதே என்று மேலும் ஆழமாக வெட்டுதல் கூடாது. அது உவரை நோக்கியே செல்வதாகும். பம்பியைச் சிறிது நேரம் ஓட்டி, நெடுநேரம் ஓயவிட்டு, தொட்டியிற் சேர்த்துப் பயன்படுத்துவதே தக்கது.

கிணற்றின் கட்டை நிலத்திலிருந்து மூன்றடியாவது உயர்த்தி, சுற்றிலும் சீமெந்துத் தளமிட்டு, சிந்தும் நீர் வாய்க்கால் வழியே வாழைக்குச் செல்லும்படி செய்க. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 15 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் அவ்விதி மணல் நிலத்தை நோக்கி எழுந்தது. மணலினூடே மெல்லக் கசியும் நீர் வழியிலே கிருமிகளை இழந்துவிடும். சுண்ணக்கல் வெடிப்பிலோ அது வடிக்கப்படாமல் குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடும். ஆதலால் எங்கள் ஊரில் அடிபூசிய, நீர் கசியாத தொட்டியே பாதுகாப்பானது. தூரத்தை மட்டும் நம்புதல் போதாது. வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளையும் தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இடும் யூரியா நைத்திரேற்றாக மாறி இதே வெடிப்புக்களால் கிணற்றை அடைகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. எனவே குழந்தையுள்ள குடும்பம் குடிபுகுமுன் கிணற்று நீரை ஒருமுறை ஆய்வுக்கு அனுப்பியே ஆக வேண்டும். இதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும்.

கூரையில் விழும் மழைக்கு இனி இடம் சொல்வோம். பத்துக்கு மூன்று மீற்றரான ஒரு கொட்டிலின் மேல் ஆண்டொன்றில் விழுவது ஏறத்தாழ 37,500 லீற்றர். ஓலையில் ஊறி வடிவது நிறமேறிக் குடிக்க உதவாதெனினும், மண்ணுக்கு அது குற்றமற்றது. அதை ஒழுங்கை வழியே தெருவுக்கு ஓடவிட்டால், வழுக்கையாற்றிலும் வெள்ளவாய்க்காலிலும் சேர்ந்து கடலுக்குப் போய்விடும்; 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் கொணர்ந்த பெருமழையில் குடாநாடே வெள்ளத்தில் மூழ்கியதையும், அடுத்த கோடையில் வழக்கம்போல் கிணறுகள் தாழ்ந்ததையும் கண்டவர்களுக்கு அவ்விழப்பு விளங்கும். இறப்புநீர் விழும் கோட்டுக்குச் சற்று அப்பால் ஆழமற்ற வாய்க்கால் வெட்டி, மலசலகூடத்துக்கு எதிர்ப்புறமாக, சுவரிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளிய ஒரு குழியில் அதை இறக்குக. குழி பாறையைத் தொடுமளவுக்குப் போதல் வேண்டா. பாறையின்மேல் இரண்டடி மண்ணாவது எஞ்சினால்தான் இறங்கும் நீர் வடிகட்டப்படும். அடியில் மணலும் அதன்மேல் ஊமற்கரியும் சல்லிக்கல்லும் பரப்பி, ஓரத்தில் பூவரசங்கதியால் நாட்டினால் வேர் கரையைப் பற்றிக்கொள்ளும். இந்தக் குழியைப் புரட்டாதிக்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிய பின் வெட்டினால் நனைந்த செம்மண் ஓரம் சரிந்து, அடியில் இட்ட மணலையும் கரியையும் மூடிவிடும். பின்பு தை மாதத்தில் நிலம் உலர்ந்த பிறகே அதை அள்ளித் துப்புரவாக்க முடியும்.